வீணையைப் பிளந்த அரசன்

பாலி மொழியிலுள்ள சம்யுத்த நிகாயத்தில் ஒரு வீணைக் கதை வருகிறது. வீணையொலியை அதுவரை கேட்டறியாத அரசன் ஒருவன், அதைக் கேட்டுச் சொக்கிப்போய், அந்த ஒலியைக் கொண்டுவரச் சொல்கிறான். ஆட்கள் வீணையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். வீணை எதற்கு, ஒலிதான் வேண்டும் என்கிறான். குடம், தோல், தண்டு, நரம்பு, மீட்டுகோல், மீட்டுபவனின் முயற்சி எல்லாம் கூடினால்தான் ஒலி பிறக்கும் என்று அவர்கள் விளக்குகிறார்கள். அரசன் காதில் அது ஏறவில்லை. வீணையைப் பத்தாகவும் நூறாகவும் பிளந்து, சிராயாக்கி, எரித்துச் சாம்பலைத் தூற்றிவிட்டு, வீணை என்பது ஒன்றுமற்ற பொருள், உலகம் இதில் வீணாக மயங்கிக் கிடக்கிறது என்று தீர்ப்புச் சொல்கிறான். ‘நான்’ என்பதை உடலிலும் உணர்விலும் தேடுபவனுக்கும் இதுதான் நேரும் என்பதற்காகப் புத்தர் சொன்ன கதை இது. உயிர் என்று தனியாக ஒன்று உண்டா என்று வாதிட்ட வேறு மரபுகளும் இசைக்கருவியைத்தான் உவமைக்கு எடுத்தன. மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் பூதவாதி, பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்து கள்ளின் வெறி பிறப்பதுபோல் பூதங்கள் கூடி உணர்வு பிறக்கிறது, அவை பிரிந்தால் பறையோசைபோல் அழிகிறது என்கிறான். பிளேட்டோவின் ‘பைடோ’ உரையாடலில் சிம்மியாஸ் என்பவர், உயிர் என்பது உடலென்னும் யாழின் இசைவாக மட்டும் இருந்தால் யாழ் உடைந்ததும் அது போய்விடாதா என்று, நஞ்சருந்தக் காத்திருக்கும் சாக்ரடீஸிடமே கேட்கிறார்.

இவர்கள் எல்லோரும் கருவியைக் கேட்டவர்களாகவே பேசுகிறார்கள். செய்பவரின் பக்கம் நின்று பார்த்தால் இதே உவமை வேறு சில உண்மைகளைச் சொல்கிறது. சாட்சிக்கு இன்றைய கிட்டாரை எடுத்துக்கொள்ளலாம். அதிலும் பெயர்பெற்ற பட்டறைக்காரரை விட்டுவிட்டு, மேசை நாற்காலி செய்து பழகிய கையோடு ஓய்வுநேரத்தில் கிட்டார் செய்யக் கற்கும் தச்சரைக் கூப்பிடுவது நல்லது. விற்றாக வேண்டியவருக்கு மரத்தின் பெருமையைப் பேசும் கட்டாயம் உண்டு. இவருக்கு அது இல்லை. (தச்சருக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வியும் பழையதுதான். ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஹன் ஊரில் வயலின் செய்வோர் சங்கம், கிட்டார் செய்யும் உரிமை தச்சர்களுக்கு இல்லை என்று வழக்காடியது. அந்தத் தச்சர் குடும்பங்களில் ஒன்றிலிருந்து 1833இல் அமெரிக்கா போனவர்தான் சி. எஃப். மார்ட்டின்.)

கற்கத் தொடங்குபவர் முதலில் அரசனைப் போலவே நினைக்கிறார்: ஒலி மரத்துக்குள் இருக்கிறது, நல்ல மரத்தை வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரேசில் தோதகத்திக்கு நெடுங்காலமாக இருந்துவரும் மவுசு இந்த நம்பிக்கையால் வந்தது. அந்த மரம் கிடைப்பது அரிதாகி, 1969இல் அந்த மார்ட்டின் தொடங்கிய கிட்டார் நிறுவனம் இந்தியத் தோதகத்திக்கு, அதாவது ஈட்டி மரத்துக்கு, மாறியது. நம் ஈட்டி மரத்தை இரண்டாந்தரமாகப் பார்த்தவர்கள் அப்போது பலர். ஆனால் ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் 1862இலேயே, பின்பலகையையும் பக்கப்பலகைகளையும் காகித அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் முறையான மரத்தில் வைத்து ஒரு கிட்டாரைச் செய்துவிட்டார். பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. 2018இல் லான்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்பலகையும் பக்கப்பலகையும் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக அமைந்த ஆறு கிட்டார்களை, எது எந்த மரம் என்று தெரியாதபடி 52 கலைஞர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் அவர்கள் கொடுத்த மதிப்பெண்ணில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

மரத்தில் இல்லையென்றால் வரைபடத்தில் இருக்குமா? அளவுகளை நூலிழை பிசகாமல் பின்பற்றினால் போதும் என்பது அடுத்த நம்பிக்கை. 1966இல் இர்விங் ஸ்லோன் எழுதிய கையேடு போன்றவை வந்தபிறகு வீட்டுக் கொட்டகையில் இருப்பவருக்கும் அளவுகள் கிடைத்துவிட்டன. ஆனால் மேற்பலகைக்கு எடுக்கும் ஸ்ப்ரூஸ் மரத்தின் இரண்டு பலகைகளை ஒரே 3 மில்லிமீட்டருக்கு இழைத்தாலும் ஒன்று விறைப்பாக நிற்கும், மற்றது துவளும். விறைப்பான பலகையை 2.7 மில்லிமீட்டராக்கினால் எடை பத்தில் ஒரு பங்குதான் குறையும்; விறைப்போ கால்வாசிக்கு மேல் போய்விடும். இரும்புக் கம்பிகள் எல்லாம் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் இழுக்கின்றன. பலகை தடிமனாக இருந்தால் ஒலி வறண்டுபோகும், மெலிந்தால் மேற்பலகை குழிந்து கருவியே கெடும். அதனால் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, பலகையை இரு கையாலும் வளைத்துப் பார்த்து, விரல் கணுவால் தட்டிக் கேட்டு, உள்ளே ஒட்டிய சட்டங்களை உளியால் கொஞ்சங்கொஞ்சமாகச் செதுக்க வேண்டியிருக்கிறது. ஒரு சட்டம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதற்கு அந்தச் சட்டத்தை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. அது ஒட்டப்பட்ட பலகை, பக்கத்துச் சட்டம், மேலே வரப்போகும் கம்பி எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஒலியின் இருப்பிடம் இந்த ஒட்டுறவுதான். அரசன் பிளந்தது மரத்தை என்றாலும் அழிந்தது இந்த உறவு. அழித்தபின் எஞ்சியதில் தேடிவிட்டு இல்லை என்று சொன்னது தேடிய முறையின் பிழை. ஒலி தனிப்பொருளாக இல்லை என்பதுவரை அவன் கண்டது சரி, அதனால் வீணை ஒன்றுமற்றது என்பது சரியல்ல. அவனுடைய ஆட்கள் முன்பே சரியாகச் சொல்லியிருந்தார்கள் என்பதைக் கதை கேட்பவர்கள் ஏனோ மறந்துவிடுகிறோம்.

இங்கே சாக்ரடீஸ் எழுந்து மறுப்பார். சிம்மியாஸுக்கு அவர் சொன்ன பதில்களில் வலுவானது இது: இசைவு தன் பகுதிகளுக்குப் பின்னால் போவது, அவற்றை நடத்துவது அல்ல, உயிரோ உடலை எதிர்த்து நிற்கும், தாகம் எடுத்தாலும் குடிக்காதே என்று தடுக்கும். யாழை வாசிக்க மட்டும் தெரிந்தவருக்கு இந்தப் பதில் போதும். செய்பவரிடம் இது அவ்வளவு எளிதாகச் செல்லாது. இன்னும் பிறக்காத ஓர் ஒலிக்காகத்தான் அவர் சட்டத்தைச் செதுக்குகிறார். முழுமை எதைக் கேட்கிறதோ அதற்குப் பகுதி வளைந்துகொடுக்கிறது. நடத்துவது செய்பவரின் மனம்தானே, இசைவா நடத்துகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மனத்தில் முடிந்த ஒலி எதுவும் முன்கூட்டியே இல்லை. தட்டும்போது பலகை கொடுக்கும் பதிலைக் கேட்டுத்தான் அடுத்த செதுக்கல் எங்கே என்று அதற்குத் தெரிகிறது. தன் ரகசியம் விரல்நுனியில் இருக்கிறது, அதை விட்டுச்செல்ல வழியில்லை என்று தோரெஸ் சொன்னதாக அவரை அறிந்த பாதிரியார் ஒருவர் பதிந்திருக்கிறார். முன்னமே தீர்ந்த எண்ணத்தை மரத்தின் மேல் சுமத்துபவருக்கு வறண்ட கருவியோ குழிந்த கருவியோதான் கிடைக்கிறது.

சைவ சித்தாந்தம் உலகத் தோற்றத்தை விளக்க மண், திரிகை, குயவன் என்ற மூன்றைக் காட்டுகிறது: முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம். கிட்டார் செய்பவரைப் பார்த்தபிறகு அந்தக் குயவன் உவமையில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. மண் எதிர்த்துப் பேசுவதில்லை, மரம் பேசுகிறது. சித்தாந்தி இதற்கு அசரமாட்டார். உலகின் முதற்காரணமாகிய மாயையை இறைவன் படைக்கவில்லை, அதுவும் அனாதி, அதற்கும் தன் இயல்பு உண்டு என்பதே எங்கள் கொள்கை, ஆகவே உங்கள் தச்சர் எங்கள் கட்சிதான் என்பார். ஒன்றுமில்லாததிலிருந்து எல்லாம் ஆனது என்பவர்களைவிட அவருக்கு இந்தப் பட்டறையில் இடம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை. கிட்டார் தன் ஒலியைக் கேட்பதில்லை. வறண்டிருக்கிறது, இன்னும் ஒரு சீவு வேண்டும் என்று சொல்ல அதற்கு வெளியே ஒரு காது வேண்டியிருக்கிறது. மனிதனை இசைக்கருவி என்று வைத்தால் அந்தக் காதும் கருவிக்குள்ளேயே இருக்கிறது. ஓர் இசைவு தன்னைத் தானே கேட்குமா என்ற கேள்வியில் பூதவாதியின் பறையும் சிம்மியாஸின் யாழும் நின்றுவிடுகின்றன. கேட்பது என்பதும், செவியும் ஒலியும் கூடிப் பிறக்கும் இன்னொரு கூட்டுதான் என்று பௌத்தர் சொல்வார். அவருடைய கொள்கைக்குள் அது பொருந்துகிறது. ஆனால் அதற்கான சாட்சியை அவர் வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும், பலகையைத் தட்டிக்கொண்டிருக்கும் தச்சரிடம் அது இல்லை.