இன்று எத்தனை?

1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்ட லியோனார்ட் தாம்சனுக்கு வயது 14. பிழைப்பானா என்பதே அன்றைய கவலை. இன்று நீரிழிவோடு வாழும் பிள்ளையிடம் நாம் கேட்பதோ, "சர்க்கரை எத்தனை?" அளவு கூடினால் நம் முகம் வாடுகிறது. அதைக் காணப் பொறாது குறிப்பேட்டில் பொய்யான எண்ணை எழுதும் பிள்ளைகள் உண்டு. அவர்களைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பொய்யில் நம் பங்கே பெரிது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்து வினாப் படிவம் ஒன்று உண்டு. கடந்த இரு வாரங்களில் மகிழ்ந்திருந்தாயா, அமைதியாய் இருந்தாயா, புத்துணர்வோடு துயிலெழுந்தாயா என்றெல்லாம் வினவும் அதில் சர்க்கரை என்ற சொல்லே இல்லை. மதிப்பெண் நூற்றுக்கு 50க்குக் கீழே இருந்தால் மேலும் விசாரிக்க வேண்டும். ஆயினும் அதுவும் ஓர் எண்ணே. "ஒருபோதும் இல்லை" என்று பிள்ளை குறித்துவிட்டால், அறிவுரை கூறாமல் அருகமர்ந்து கேட்க நம்மில் எத்தனை பேருக்கு இயலும்?