பிடி மண்ணும் பெருவிருந்தும்



யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை இன்று கேட்டோம். உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டிக் காத்திருக்கிறார். அதன்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. இருந்தும் சீடர்கள் பிடித்த மீன்களிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்கிறார். எல்லாம் வைத்திருப்பவருக்கு அவர்களுடைய மீன் எதற்கு?

இதற்கு விளக்கம் எனக்குக் கிடைத்தது பெரு நாட்டில், ஆண்டஸ் மலைகளுக்கு நடுவே உள்ள மந்தாரோ பள்ளத்தாக்கில். அங்கே அறுவடைக் காலத்திலும் திருவிழாவிலும் ‘பச்சமங்கா’ என்ற விருந்து வைக்கிறார்கள். 2003இல் பெரு அரசு இதைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. தரையில் தோண்டிய குழிதான் அடுப்பு. கற்களை அடுக்கி, விறகு எரித்து, நன்றாகப் பழுக்கக் காய்ச்சுகிறார்கள். தணல் அடங்கியதும் கற்களை ஒட்டி உருளைக்கிழங்கு. அதற்குமேல் வக்கட்டாய் என்ற மூலிகையை அரைத்துப் பூசிய ஆட்டிறைச்சியும் கோழியும். எல்லாவற்றுக்கும் மேலே மடலில் பொதிந்த மக்காச்சோள மாவும் உரிக்காத அவரையும். அதன்மேல் பச்சைத் தழை பரப்பி, ஈரச் சாக்கு போர்த்தி, மண்ணை வாரிக் கொட்டி மூடுகிறார்கள். உச்சியில் பூச்சூட்டிய சிலுவையை நாட்டுகிறார்கள்.

வழிப்போக்கனாகிய நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மண்மேட்டின் ஒரு பக்கத்தில் நூலிழைபோல ஆவி கசிந்தது. வயதான ஒரு தாய் என் கையில் ஒரு பிடி மண்ணை வைத்து, அந்த இடத்தைக் காட்டினார். குனிந்து அடைத்தேன். ஆவி வெளியேறினால் சூடு தங்காது, சூடு தங்காவிட்டால் கிழங்கு வேகாது. ஊரார் எல்லாருடைய சாப்பாட்டிலும் அந்த ஒரு பிடிக்குப் பங்கு உண்டு. மண்ணை விலக்கியபோது, தழை வாசமும் இறைச்சி வாசமும் கலந்து எழ, அவர்களோடு நானும் தரையில் அமர்ந்தேன். சுடச்சுட ஒரு கிழங்கை அந்தத் தாய் என் கையில் தந்தார். என்னை அவர் விருந்தாளியாக மட்டும் நடத்தவில்லை. உழைத்தவர்களில் ஒருவனாகவே நடத்தினார்.

அன்பானவர்களே, கடற்கரையில் ஆண்டவர் செய்ததும் இதுதான். இரவெல்லாம் வலைவீசிக் களைத்தவர்களின் உழைப்பும் தம் விருந்தில் சேர வேண்டும் என்று அவர் விரும்பினார். இன்றும் பலிபீடத்திற்கு நாம் கொண்டுவரும் அப்பத்தில் மழையும் மண்ணும் உழவர் வியர்வையும் கலந்திருக்கின்றன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் இந்தப் பூமியை நம் பொது இல்லம் என்று அழைத்தார். பொது இல்லத்தில் எவரும் கைகட்டி நிற்கலாகாது. அன்று என் கைக்கு வந்த உருளைக்கிழங்கையே பாருங்கள்: அதை முதன்முதலில் பயிராக்கியவர்கள் ஆண்டஸ் மலைமக்களின் முன்னோர். முகமறியாத அவர்களுடைய உழைப்பு இன்று நம் வீட்டு உலையிலும் வேகிறது.

எனவே இந்த வாரம் உங்கள் அன்பியத்தில் யார் ஓரமாக நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஊருக்குப் புதிதாக வந்த தொழிலாளியோ, துணையை இழந்தவரோ, பேசப் பழகாத பிள்ளையோ இருக்கலாம். அவர்களுக்குச் சோறு போடுவது நல்லது. அவர்களால் செய்ய முடிந்த ஒரு வேலையை நம்பி ஒப்படைத்து, நம்மோடு பந்தியில் அமர்த்துவது அதைவிட நல்லது. நம் கையில் உள்ள சிறிதையும் கேட்டு வாங்கி விருந்தாக்கும் ஆண்டவர் அதற்கான மனதை நமக்குத் தருவாராக. ஆமென்.