யாரைச் சேர்த்துக் கணக்கிடுகிறோம்?

கணக்குப் பார்த்துச் செலவு செய்வது நற்பண்பு என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. வரவறியாது செலவிடுபவரை ஊர் ஊதாரி என்கிறது. எண்ணிச் செலவிடுபவரை விவேகி என்கிறது. ஆனால், கணக்கு என்பது எண்களைக் கூட்டிக் கழிப்பது மட்டுமன்று. எத்தனை ஆண்டுகளுக்குக் கணக்கிடுகிறோம், யார் யாரைச் சேர்த்துக் கணக்கிடுகிறோம், எதை ஆதாயம் என்கிறோம் என்பவற்றை எண்கள் தாமாகச் சொல்வதில்லை. கணக்கெழுதும் மனமே அவற்றை முடிவு செய்கிறது. குளிர்நாடுகளில் இன்று எண்ணற்ற குடும்பங்களின் முன் நிற்கும் ஒரு வீட்டுச் செலவை எடுத்துக்கொண்டால் இவ்வுண்மை தெளிவாக விளங்கும். 'ஹீட் பம்ப்' என வழங்கும் வெப்ப எக்கியை வாங்குவதா, வேண்டாமா என்பதே அந்தச் செலவு.

நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தவர் அதன் வெம்மையை அறிவர். உள்ளிருக்கும் பொருள்களின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுவதே அதன் தொழில். அதே முறையைத் திருப்பி வைத்தால், வெளிக்காற்றில் எஞ்சியிருக்கும் வெப்பத்தைத் திரட்டி வீட்டுக்குள் கொண்டுவர இயலும். பனி உறையும் நாளிலும் காற்றில் வெப்பம் அறவே இல்லாமற் போவதில்லை. பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன் 1852இல் இக்கருத்தை எடுத்துரைத்தார். சூரிக் நகர மன்றக் கட்டடம் 1938இல் லிம்மாத் ஆற்று நீரிலிருந்து வெப்பம் பெறத் தொடங்கியது. நெருப்பு வெப்பத்தை உண்டாக்குகிறது. எக்கியோ இருக்கும் வெப்பத்தை இடம் மாற்றுகிறது. ஆகவேதான் ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்று யூனிட் வரையிலான வெப்பத்தை, சில வேளைகளில் அதற்கு மேலும், அதனால் தர முடிகிறது.

இனி, இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். வீடு கற்பனையானது, விலைகள் உண்மையை ஒட்டியவை. எழுபத்து நான்கு வயதுடைய ஒரு கைம்பெண் அங்கே தனித்து வாழ்கிறார். ஓய்வூதியமே அவருடைய வருவாய். இருபது ஆண்டு உழைத்த எரிவாயுக் கொதிகலன் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது என்று பழுது பார்ப்பவர் சொல்லிவிட்டார். புதிய கொதிகலனுக்கு 3,000 பவுண்டு ஆகலாம். காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் எக்கிக்கு, பொருத்தும் கூலி உட்பட, 13,000 பவுண்டு ஆகலாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் இதற்கென வழங்கப்படும் அரசு மானியம் 2023 அக்டோபரில் 7,500 பவுண்டாக உயர்த்தப்பட்டது. அதைக் கழித்தால் அவர் கையிலிருந்து கொடுக்க வேண்டியது 5,500 பவுண்டு. கொதிகலனைவிட 2,500 பவுண்டு அதிகம்.

அந்த வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 10,000 யூனிட் வெப்பம் தேவை என்று கொள்வோம். 2024 அக்டோபரில் பிரிட்டனின் விலை வரம்பின்படி எரிவாயு யூனிட் ஒன்றுக்கு 6.24 பென்ஸ், மின்சாரம் 24.50 பென்ஸ். எரிவாயுவில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு வெப்பமாகும் கொதிகலனுக்கு ஆண்டுச் செலவு ஏறத்தாழ 734 பவுண்டு. எக்கி ஒன்றுக்கு 2.8 மடங்கு வெப்பம் தந்தால் செலவு 875 பவுண்டு; 3.5 மடங்கு தந்தால் 700; 4 மடங்கு தந்தால் 612. சமையலையும் மின்னடுப்புக்கு மாற்றி எரிவாயு இணைப்பைத் துண்டித்துவிட்டால், நிலைக் கட்டணமாகச் செல்லும் 115 பவுண்டும் மிச்சமாகும். இவ்வாறு பார்க்கையில், நான்கு மடங்கு தரும் எக்கி தன் கூடுதல் விலையைப் பத்து, பதினோர் ஆண்டுகளில் ஈட்டிவிடும். மூன்றரை மடங்கு தருவதற்குப் பதினேழு ஆண்டுகள் ஆகும். 2.8 மடங்கு மட்டுமே தருவது ஒருநாளும் ஈட்டாது. பிரிட்டனில் 742 வீடுகளில் அரசு ஆதரவுடன் நடத்தப்பட்ட சோதனையில் காற்று எக்கிகளின் நடுத்தர அளவு ஏறத்தாழ 2.8 என்றே காணப்பட்டது என்பதையும் மறைக்கலாகாது.

ஒரே பெயருடைய பொருள் ஒரு வீட்டில் வரமாகவும் மற்றொரு வீட்டில் சுமையாகவும் ஆவதேன்? பெரும்பாலும் அது பொருத்துபவரின் நேர்மையைப் பொறுத்தது. ஒவ்வோர் அறையும் கடுங்குளிர் நாளில் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று அளந்து, அதற்கேற்ற அளவுள்ள எக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறிய ரேடியேட்டர்களை மாற்றிப் பெரியவற்றை வைத்தால் 45 பாகை வெப்பமுள்ள நீரே அறையைச் சூடேற்றப் போதும். நீரின் சூடு குறையக் குறைய எக்கியின் உழைப்பும் குறையும். அளக்காமலே 'பெரியதாக இருக்கட்டும்' என்று பொருத்தினால் எந்திரம் நின்று நின்று ஓடி, மின்சாரத்தை வீணாக்கித் தானும் விரைவில் தேயும். இவை யாவற்றுக்கும் முன்னதாகக் கூரைக்கு வெப்பக் காப்பு இட்டு, கதவு, சன்னல் இடுக்குகளை அடைப்பது முறை. ஓட்டைக் குடத்துக்கு எத்தனை நல்ல கிணறு வாய்த்தும் பயனில்லை அன்றோ? மேலும் மேலும் பெறுவதற்கு முன்னால், கையிலிருப்பதை எங்கே இழக்கிறோம் என்று பார்க்கச் சொல்லும் இப்பாடம் வெப்பத்துக்கு மட்டும் உரியதன்று.

ஆனால் நம்முடைய வினா இன்னும் தீரவில்லை. எல்லாம் செம்மையாக அமைந்து, எக்கி மூன்றரை மடங்கு தருவதாகவே கொள்வோம். பதினேழாம் ஆண்டில் அந்த மூதாட்டிக்குத் தொண்ணூற்றொரு வயதாகும். ஆதாயத்தைக் காண அவர் இருப்பாரா? அந்த எந்திரமேனும் இருக்குமா? 'உமக்கு எதற்கு இந்தச் செலவு?' என்று உறவினர் கேட்டால் அது தவறாகுமா?

இக்கேள்வியைக் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே விடையும் அமைகிறது. வசதி படைத்த ஒருவர் புதிய காருக்கும் பளிங்குச் சமையலறைக்கும் பெரும் பணம் கொடுக்கும்போது, 'இது எத்தனை ஆண்டில் தன் விலையை ஈட்டும்?' என்று எவரும் வினவுவதில்லை. வெப்ப எக்கி என்றதும் அவர் கையில் காகிதமும் பென்சிலும் வந்துவிடுகின்றன. அந்த எரிவாயுக் கொதிகலன் ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயுவைக் காற்றில் கலக்கிறது. மின்சாரம் உண்டாக்கும்போது வெளிப்படுவதைச் சேர்த்தும் எக்கியின் பங்கு அதில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவே. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டது. அந்த வாயுவின் விளைவைச் சுமக்கப்போகிறவர்கள் பிறவாதவர்கள். அல்லது எங்கோ ஒரு கடலோரத்தில் வாழ்பவர்கள். அவர்களுடைய பெயர் அவருடைய காகிதத்தில் இல்லை. கொடுக்க இயலும் நிலையிலும் 'கணக்கு ஒத்துவரவில்லை' என்று அவர் சொல்வாரானால், அது கணக்கின் குறையன்று. கணக்கில் சேர்க்காமல் விட்டவர்களின் குறை.

மூதாட்டியின் நிலை வேறு. அந்த 5,500 பவுண்டு, நோயுற்றால் பராமரிப்புக்கென அவர் ஒதுக்கி வைத்த பணம். இப்போதே குளிர்நாள்களில் அவர் ஓர் அறையை மட்டும் சூடாக்கி மற்றவற்றைப் பூட்டி வைக்கிறார். அவரிடம் சென்று, வருங்காலத் தலைமுறைக்காகத் தியாகம் செய்யுங்கள் என்று கூறும் நா நீதியை அறியாத நா. முதலில் கொடுக்கப் பணமில்லாதவரே ஆண்டுதோறும் அதிகம் கொடுக்க நேர்வது ஏழ்மையின் பழைய கொடுமைகளுள் ஒன்று. வாடகை வீட்டில் வாழ்வோர் நிலை இதனினும் கடினம்: எந்திரத்தை வாங்க வேண்டியவர் வீட்டுக்காரர், கட்டணத்தைச் செலுத்துபவர் குடியிருப்பவர். ஒருவரின் செலவு மற்றொருவரின் சேமிப்பாகும்போது இருவரும் வாளாவிருப்பதே வழக்கமாகிறது.

இங்கேதான் சமுதாயத்தின் கணக்கு தொடங்குகிறது. மின்சாரம் எரிவாயுவைப்போல் நான்கு மடங்கு விலை விற்றது இயற்கையின் நியதியன்று. பசுமைத் திட்டங்களுக்கான கட்டணச் சுமையைப் பெரும்பாலும் மின்சாரத்தின்மேல் ஏற்றியதும் அதற்கு ஒரு காரணம். மனிதர் ஏற்றியதை மனிதர் இறக்கவும் இயலும். ஜெர்மனியில் 2024இல் நடைமுறைக்கு வந்த மானியத் திட்டம், ஆண்டு வருவாய் 40,000 யூரோவுக்கு மிகாத வீட்டு உரிமையாளர்க்குக் கூடுதலாக முப்பது விழுக்காடு வழங்கி, தகுதியுள்ள செலவில் எழுபது விழுக்காடு வரை தாங்கிக்கொள்ள வகை செய்தது. அந்நாட்டில் இதையொட்டி எழுந்த அரசியல் சண்டை சிறிதன்று. எனினும், எல்லோர்க்கும் ஒரே தொகை என்பது எல்லோர்க்கும் ஒரே நீதி ஆகிவிடாது என்ற உண்மையை அத்திட்டம் ஏற்றுக்கொண்டது.

அவ்வாறாயின் அந்த மூதாட்டி என்ன செய்ய வேண்டும்? கூரைக்குக் காப்பிடட்டும், இடுக்குகளை அடைக்கட்டும், அளந்து பார்த்து எழுத்தில் கணக்குத் தருபவரையன்றி வேறெவரையும் நம்பாதிருக்கட்டும். அதன் பின்னும் பணம் போதாதெனில், அவர் கொதிகலனையே வாங்கிப் பூட்டிய அறைகளைத் திறந்து வாழட்டும். அவர்மேல் குற்றமில்லை. அந்தக் கொதிகலனின் புகைக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள், அவருக்கு வேறு வழியைத் திறந்துவைக்க வல்லமை இருந்தும் திறக்காதவர்களே.

நம் வீடுகளுக்கு வெப்ப எக்கி தேவையில்லை. ஆயினும் நமக்கும் கணக்கேடுகள் உண்டு. அடுத்த முறை 'இது நமக்குக் கட்டுபடியாகாது' என்று எழுதுகோலை மூடும்முன், அந்த 'நமக்கு' என்ற சொல்லுக்குள் யார் யாரை வைத்திருக்கிறோம் என்று ஒருகணம் பார்த்துக்கொள்வது நல்லது.