அரை வோல்ட் பொய்

போன வருஷம் ஒரு செகண்ட் ஹாண்ட் 'டாக்' வாங்கினேன். டிஜிட்டல்-டு-அனலாக் கன்வெர்ட்டர். சி.டி.யில் இருப்பது பாட்டில்லை, எண்கள். ஒரு சேனலுக்கு, செகண்டுக்கு 44,100 எண்கள். அவற்றை மின் அலையாக்கி ஆம்ப்ளிஃபயருக்குத் தருவதுதான் இதன் வேலை. 1982-ல் வந்த முதல் சி.டி. பிளேயரிலிருந்தே இது உள்ளேயே உண்டு. தனியாக நல்லதாக ஒன்று வைத்தால் சங்கீதம் இன்னும் தெளியும் என்பது ஆடியோ பிரியர்களின் நம்பிக்கை.

விற்றவர் முதலில் வெறும் பிளேயரில் போட்டார். பிறகு டாக் வழியாக. வீணைத் தந்தியில் விரல் நழுவுவதுகூடக் கேட்டது. மறுபேச்சில்லாமல் பணத்தை எண்ணி வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி, "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாங்க கேக்குது. சுவரைப் பாத்து உக்காருங்க, மாத்தி மாத்திப் போடறேன்" என்றாள். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னேன். பெருமையாக இருந்தது.

பிறகுதான் உறைத்தது. பிளேயர் தருவது 2 வோல்ட். டாக் தந்தது 2.5. சத்தம் சற்றே கூடினால் காது அதைச் சத்தம் என்று சொல்வதில்லை, தெளிவு என்கிறது! இரண்டையும் ஒரே வால்யூமுக்குக் கொண்டுவந்து மறுபடி உட்கார்ந்தேன். பத்துக்கு ஐந்து. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அதே மார்க்தான்.

விற்றுவிட முடிவு செய்தேன். ஓர் இளைஞர் வந்தார். முதல் சம்பளமாம். "போட்டுக் காட்டுங்க சார்."

இங்கேதான் தர்மசங்கடம். வால்யூமைத் தொடாமல் போட்டால் போதும், மயங்கிவிடுவார். நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்ல வேண்டாம். எனக்கு விற்றவரும் சொல்லவில்லையே? ஆனால் அவருக்கு அந்த அரை வோல்ட் விஷயம் தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியும். தெரிந்தபின் சும்மா இருப்பதும் பொய்யில்தான் சேர்த்தி.

அதற்காக, "வேஸ்ட், வாங்காதே" என்று தீர்ப்புச் சொல்லலாமா? என் காதுக்கு வயசு 58. மெல்லிய கீச்சொலிகள் எல்லாம் எப்போதோ விடைபெற்றுவிட்டன. அவர் காதுக்கு நான் எப்படி ஜாமீன் நிற்பது? நான் தர வேண்டியது தீர்ப்பு அல்ல, நியாயமான பரீட்சை.

விஷயத்தைச் சொன்னேன். வால்யூமைச் சமன் செய்தேன். "சுவரைப் பாத்து உக்காருங்க தம்பி."

பத்து முறை கேட்டார். "யோசிச்சு சொல்றேன் சார்" என்று கிளம்பிவிட்டார்.

"விக்கலையா?" என்றாள் மனைவி.

"விலை படியலை" என்றேன்.

அது மட்டும் பொய்.