மேகமும் மூவகைக் காரணமும்

கடல்நீர் வெயிலால் ஆவியாய் மேலெழுந்து குளிர்ந்து, உப்பு, தூசு முதலிய நுண்துகள்களைப் பற்றி மேகமாகின்றது. அந்நுண்துளிகள் ஏறத்தாழப் 10 இலட்சம் திரண்டே ஒரு மழைத்துளியாம். 1946 நவம்பர் 13-ல் அமெரிக்க விஞ்ஞானி ஷேபர், விமானத்தினின்று மேகத்தின்மேல் உறைந்த கரியமிலவாயுவைத் தூவிப் பனி உதிரச் செய்தார். 'இனி மழைக்கு மனிதனே கர்த்தாவன்றோ?' எனின், அன்று. நீராவி முதற்காரணம், துகள் துணைக்காரணம். அவ்வுதிர்வளவிற்கு அவர் நிமித்தகாரணரே. கடலையும் கதிரையும் காற்றையும் இயைத்து மேகத்தைக் கூட்டியவர் அவரல்லர். மேகமில்லா வானிலே தூவின் துளியும் வாராது. இல்லது தோன்றாது என்பதே சற்காரியவாதம். அதுபற்றி முயற்சியை இகழ்தலும் தகாது. வறட்சியில் வாடும் உயிர்கட்கு அறிவால் இயன்றது செய்தல் கடன். 'யானே பெய்வித்தேன்' என்றல் ஆணவம். இவ்விரண்டையும் பிரித்தறிதலே விவேகமென்க.