செய்தவன், செய்வித்தவன், உடன்பட்டவன்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கரண்ட் பில், டீசல் பில், ஜாப் ஒர்க் பில் எல்லாம் போதாதென்று சில வருஷமாகப் புகைக் கணக்கும் என் தலையில் விழுந்திருக்கிறது. இங்கிலாந்து பையர் அனுப்பும் படிவத்தில் மூன்று பகுதி உண்டு. நம் கூரைக்குக் கீழே நாமே எரித்தது முதல் பகுதி. நாம் வாங்கிய மின்சாரத்துக்காக எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் எரிந்தது இரண்டாவது. நூல் மில், சாயப்பட்டறை, லாரி, கப்பல் என்று நமக்காக மற்றவர்கள் எரித்ததெல்லாம் மூன்றாவது. ஸ்கோப் ஒன்று, இரண்டு, மூன்று என்பார்கள். உலகம் முழுக்க இதே முறைதான்.

நான் தமிழ்ச் சமணன். வந்தவாசிப் பக்கம், நயினார் வீடு. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிக்கிற, தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிற குடும்பம். வினை மூன்று வழியில் ஒட்டும் என்று எங்களுக்குச் சின்ன வயசிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். தானே செய்வது ஒரு வழி, பிறரைக் கொண்டு செய்விப்பது இன்னொரு வழி, பிறர் செய்ததற்கு உடன்படுவது மூன்றாவது வழி. ஒவ்வொன்றும் மனத்தாலும் வாக்காலும் உடம்பாலும் நடக்கலாம் என்பதால் ஒன்பதாக விரியும். பையரின் படிவத்தைப் பார்த்ததும் இது நமக்குப் பழகின பாடம்தானே என்றிருந்தது. பூர்த்தி செய்ய உட்கார்ந்த பிறகுதான் இரண்டு பேரேடும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்தது.

நாட்டுப் புகைக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரே புகையை இருமுறை எழுதுவது என்றால் நடுக்கம். ஒரு டன் புகை இரண்டு நாட்டுக் கணக்கில் ஏறிவிடக் கூடாது. அதனால் நாடுகள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் கணக்கில் விதி எளிமையானது: எந்த மண்ணில் எரிந்ததோ அந்த நாட்டின் தலையில் எழுது. அங்கே தைத்த சட்டையை யார் போட்டுக்கொண்டார் என்று கேட்காதே. சமணப் பேரேட்டில் இந்தப் பயமே கிடையாது. ஓர் ஆட்டை அறுத்தவனுக்கு முழு வினை, அறுக்கச் சொன்னவனுக்கும் முழு வினை, பார்த்து மகிழ்ந்தவனுக்கும் வினை. மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பங்கு என்று யாரும் வகுத்துக் கொடுப்பதில்லை. அவரவர் மனசின் தீவிரத்துக்கு ஏற்ப ஒட்டுவது கூடும் குறையும். ஆனால் ஒருவர் ஏற்றுக்கொண்டதால் இன்னொருவருக்குக் கழியாது.

இதை வைத்துக்கொண்டு இங்கிலாந்தின் கணக்கைப் பார்க்கலாம். உலகத்துக்கே கரிப்புகையைத் தொடங்கிவைத்த தேசம் அது. நிலக்கரியை எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் கொடுத்த முதல் நிலையம் லண்டன் ஹோல்பர்ன் வயடக்டில் 1882இல் வந்தது. அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின் நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. 1990இல் இருந்த பசுங்குடில் வாயு வெளியீட்டில் இப்போது பாதிகூட இல்லை. இதை வெறும் பித்தலாட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. நிலக்கரியிலிருந்து எரிவாயுவுக்கு மாறினார்கள், பிறகு வடகடலில் காற்றாலைகளை நட்டார்கள். இறக்குமதிச் சரக்கின் புகையையும் சேர்த்துப் பார்த்தால்கூட 2007வாக்கில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கியிருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய பல வருஷங்கள் உள்நாட்டுக் கோடு கீழே இறங்க, வாங்கித் தின்று உடுத்திய கணக்கின் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. மான்செஸ்டர் வட்டாரத்து நூற்பாலைகள் இருபதாம் நூற்றாண்டிலேயே ஒவ்வொன்றாக மூடிவிட்டன. அந்த ஊர்க்காரர்கள் அதற்காக வெற்றுடம்போடு திரியவில்லை. துணி வேறு ஊரில் நெய்யப்பட்டது, புகையும் அங்கே போனது. உலகம் 2004இல் வெளியிட்ட கரியமிலவாயுவில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவானது ஏதோ ஒரு நாட்டில் எரிந்து, சரக்காக எல்லை தாண்டி, வேறொரு நாட்டில் அனுபவிக்கப்பட்டது. அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் சீனா புகையில் அமெரிக்காவை முந்தியது. ‘சீனா முந்திவிட்டது’ என்று தலைப்பு போட்ட பத்திரிகைகள், அந்தச் சரக்கை வாங்கியது யார் என்று அவ்வளவு பெரிய எழுத்தில் போடவில்லை.

தூத்துக்குடியில் கண்டெய்னர் ஏறினபின் நடப்பது இன்னும் விசேஷம். சர்வதேசக் கப்பலின் புகை எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராது. தனியாகக் குறித்துவைப்பார்கள், அவ்வளவுதான். நடுக்கடலில் கர்த்தா இல்லாத வினை!

வாங்குபவனுக்குப் பொறுப்பு உண்டா என்ற கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. தனக்கென்று கொல்லப்பட்டதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகிக்கவும் இல்லை என்றால் பிக்கு அந்த இறைச்சியை ஏற்கலாம் என்பது பௌத்த விதி. எங்கள் சமணக் காப்பியத்தின் நாயகி நீலகேசி பௌத்தர்களோடு வாதம் செய்யப் புறப்பட்டபோது இந்தப் புலால் விஷயத்தையும் விட்டுவைக்கவில்லை. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தில் ஒரு குறள் இன்னும் நேரடியாக, தின்பதற்காகக் கொல்வது உலகில் இல்லையென்றால் விலைக்கு விற்பவனும் இருக்கமாட்டான் என்று முடித்துவிடுகிறது. (வள்ளுவர் எங்கள் சமண முனிவர் எலாச்சாரியார்தான் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சண்டைக்கே வருவார்கள். அந்தப் பஞ்சாயத்துக்கு நான் போவதில்லை. யார் எழுதியிருந்தாலும் வாதம் நிற்கிறது.) மண்ணை வைத்து எழுதும் நாட்டுக் கணக்கு பிக்குவின் விதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் பார்க்கவில்லை, என் எல்லைக்குள் எரியவில்லை. ஆனால் பார்க்கவில்லை என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. படிவம் அனுப்பிக் கிலோ கணக்கில் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்த ஆர்டரே போடுகிறார்கள்.

இதைச் சொல்லிவிட்டு எங்களை உத்தமர்களாக்கிக்கொள்ள முடியாது. எங்கள் கம்பெனியில் சாயம் போடுவதில்லை, ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கிறோம். ஆகவே சாயப்பட்டறைப் புகை எங்களுக்கும் மூன்றாம் பகுதிதான், வெளியாள் புகை. எடைமேடைச் சீட்டுகளை வாங்க நானே அங்கே போவேன். பாய்லருக்குச் சீமைக்கருவேல விறகு லாரியில் வந்து இறங்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற நிலைக்குத் திருப்பூர் வந்தது. சாயத் தண்ணீரைச் சவ்வில் வடிகட்டி, மிஞ்சுகிற உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். காய்ச்சுவதற்கு நீராவி வேண்டும், நீராவிக்கு விறகு. நொய்யல் ஆற்றுக்குச் செய்த பாவத்தைக் கழுவப் புகையை வானத்தை நோக்கித் திறந்துவிட்டிருக்கிறோம். அதற்காகப் பழையபடி ஆற்றில் விடலாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். வேடிக்கை என்னவென்றால், விறகுப் புகையின் கரியமிலவாயு படிவத்தில் அந்த மூன்று பகுதிக்குள்ளும் வராது. மரம் மறுபடி வளர்ந்து உறிஞ்சிக்கொள்ளும் என்று தனி வரியில் ஒதுக்கிவைப்பார்கள். அந்தக் காம்பவுண்டில் கண்ணுக்குத் தெரிகிற ஒரே புகை அதுதான். இல்லறத்தார்க்கு ஆகாத தொழில்களில் கரி சுடுவதையும் சேர்த்து எழுதிய எங்கள் நெறிநூல்காரர்கள், விறகுக்குள் இருக்கும் புழுவையும் எண்ணியிருப்பார்கள்.

பாய்லர்காரர் ஒருநாள் சீட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்: “ஏனுங் சார், பொகைக்குக் கணக்குக் கேக்கறாங்கல்ல, பீசுக்கு ஒரு ரூவா சேத்திக் குடுக்கறாங்களா?”

“இல்லீங்கண்ணா, போன வருஷத்து விலைதான்.”

“அப்பறம் எதுக்குங் கேக்கறாங்க?” என்று கதவைத் திறந்து அடுத்த கட்டையை உள்ளே தள்ளினார்.

இந்தியாவில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்து வரும் கரியமிலவாயு 1990க்குப் பிறகு ஏறத்தாழ ஐந்து மடங்காகியிருக்கிறது. அதில் பெரும்பகுதி பையருக்காக எரிந்ததல்ல. நம் விளக்கு, நம் சிமெண்ட், நம் இரும்பு. தலைக்கு வகுத்தால் உலகச் சராசரியில் பாதிகூட வராது என்பதும் உண்மைதான். ஆனால் எங்கள் தர்மத்தில் தலைச்சராசரி என்று ஒரு கணக்கே இல்லை. வினை ஒட்டுவது உயிரில்தான், தேசத்தில் இல்லை. சென்னையில் ஆறு ஏ.சி. ஓட்டுகிறவர், ஜார்க்கண்டில் ஒற்றை பல்பு எரிப்பவரின் சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வழியில்லை.

இங்கேதான் எனக்கே ஒரு முடிச்சு விழுகிறது. தேசத்துக்கு வினை இல்லையென்றால், 1882இல் லண்டனில் கரி அள்ளிப்போட்டவனின் வினை அவனோடு போயிற்று. அவன் பேரனைக் கேட்க முடியாது. சொத்தோடு கடனும் வாரிசுக்கு வரும் என்பது கோர்ட் நியாயம், எங்கள் சாத்திரத்தில் அப்படி இல்லை. அப்படியானால் தொழிற்புரட்சியிலிருந்து சேர்ந்த புகைக்கு இன்று பொறுப்பாளியே கிடையாதா? ரொம்ப நாள் இந்த இடத்திலேயே நின்றிருந்தேன். வழி மூன்றாவது வாசலில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். முன்னோர் செய்த காரியத்தின் பலனை இன்று அனுபவித்து, அது நல்லதாகத்தான் ஆயிற்று என்று ஒருவர் மனசுக்குள் மகிழ்ந்தால், அந்த உடன்பாடு பழைய வினை அல்ல. இன்று காலையில் ஒட்டிய புது வினை. எங்கள் பிராயச்சித்த முறையும் செய்ததற்கு மட்டும் வருந்தச் சொல்வதில்லை, செய்வித்ததற்கும் உடன்பட்டதற்கும் சேர்த்தே வருந்தச் சொல்கிறது. இது என் வியாக்கியானம். ஆசாரியர் யாராவது மறுத்தால் கேட்டுக்கொள்வேன்.

இப்போது ஐரோப்பிய யூனியன் எல்லையிலேயே கார்பன் கட்டணம் கொண்டுவந்திருக்கிறது. இரும்பு, சிமெண்ட், அலுமினியம், உரம் போன்றவற்றுக்கு 2023 அக்டோபரிலிருந்து கணக்குக் கொடுக்கச் சொன்னார்கள், 2026இலிருந்து காசு. இங்கிலாந்தும் 2027இல் தொடங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறது. துணிக்கு இன்னும் வரவில்லை. கட்டணத்தை அங்கே இறக்குமதி செய்கிறவர் கட்டுவார், பிறகு எங்கள் விலையில் கழித்துக்கொள்ளப் பார்ப்பார். பணம் போவது அங்குள்ள கஜானாவுக்கு. செய்வித்தவன் செய்தவனிடம் அபராதம் வாங்கித் தன் பெட்டியிலேயே போட்டுக்கொள்வதற்கு எங்கள் பேரேட்டில் தலைப்பு இல்லை. அந்தப் பணத்தில் இந்தப் பாய்லருக்குப் பதிலாக ஒரு வெயில் நீராவி இயந்திரம் இங்கே வந்து இறங்கினால் வரவு வைத்துக்கொள்ளலாம். பாய்லர்காரர் கேட்ட ஒரு ரூபாய்க்கும் அதே பக்கத்தில் இடம் இருக்கும்.