யோர்தானுக்கு இக்கரையில் ஒரு வாக்கு

வாக்களிக்க வயதில் ஒரு தொடக்கம் வைத்திருக்கிறோம். முடிவு ஏன் வைக்கவில்லை? 2016 ஜூன் 23-க்குப் பிறகு இந்தக் கேள்வியை நான் கோபத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகட்டும் என்று அன்று 51.9 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். யூகவ் நிறுவனத்தின் கணிப்புப்படி 18 முதல் 24 வயது வரையிலானவர்களில் 71 சதவீதம் பேர் ஒன்றியத்திலேயே இருக்க விரும்பினார்கள். 65-ஐத் தாண்டியவர்களில் 64 சதவீதம் பேர் விலக விரும்பினார்கள். அந்த முடிவோடு அதிக காலம் வாழப்போகிறவர்கள் தோற்றுப்போனார்கள்.

நான் நாகர்கோவில்காரி. கென்ட் பகுதியின் கடலோரத்தில், மார்கேட்டில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கே வசித்தால் வாக்களிக்கலாம் என்பதால், இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே நான் வாக்களித்தேன். என்னோடு இரவுப் பணி பார்த்த ருமேனியப் பெண்ணுக்கு வாக்கு இல்லை. அப்போது பதினேழு வயதான என் மகனுக்கும் இல்லை. 2014-ல் ஸ்காட்லாந்து தன் விடுதலை வாக்கெடுப்பில் 16 வயதுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. 2016 வாக்கெடுப்புக்கு நாடாளுமன்றம் அப்படி இணங்கவில்லை. எங்கள் இல்லத்திலோ தொண்ணூறைத் தாண்டியவர்களுக்கும் தபால் வாக்கு வந்தது.

அவர்களில் ஒருவர் ராம்ஸ்கேட் துறைமுகத்தில் படகு வைத்திருந்தவர். தபால் வாக்கோடு வரும் தாளில் கையெழுத்தும் பிறந்த தேதியும் எழுத வேண்டும். கை நடுங்கியதால் தேதியை எழுத அவருக்கு வெகுநேரம் பிடித்தது. எதற்கு வாக்களித்தார் என்பதை அவரே உரக்கச் சொன்னார். தன் கடலில் அயல்நாட்டுப் படகுகள் மீன் பிடிப்பதை முப்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்தாராம். "எனக்காக இல்லை, பேரப்பிள்ளைகளுக்காக" என்றார். அதற்கு முந்தைய ஞாயிறுதான் பேரன் வந்து போயிருந்தான். கல்லூரி மாணவன். தாத்தாவும் பேரனும் மதியம் முழுவதும் கால்பந்து பேசினார்கள். வாக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊழியர்கள் யாருடைய வாக்கிலும் தலையிடக் கூடாது, ஆகவே நானும் வாயைத் திறக்கவில்லை. 2020 ஜனவரி 31 அன்று நாடு ஒன்றியத்தை விட்டு வெளியேறியபோது அந்தப் பெரியவர் உயிரோடு இல்லை.

அதன்பின் வந்த பொதுத்தேர்தல்களிலும் வயதே நாட்டைப் பிளந்தது. ஒருவர் தொழிற்கட்சியைவிட கன்சர்வேடிவ் கட்சிக்கு வாக்களிக்க அதிக வாய்ப்புள்ள வயது 2017-ல் 47 என்று யூகவ் கணக்கிட்டது. 2019-ல் அது 39. முதியவர்கள் தவறாமல் வாக்களிக்கிறார்கள், கட்சிகளுக்கு அது தெரியும். விலைவாசி, ஊதிய உயர்வு, 2.5 சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் ஏறும் என்ற உத்தரவாதம் இங்கே 2011 முதல் இருக்கிறது. 2017-ல் தெரசா மே அதைக் கொஞ்சம் தளர்த்தப் பார்த்தார். அந்தத் தேர்தலில் பெரும்பான்மையை இழந்தார். இங்கிலாந்தின் பல்கலைக்கழகக் கட்டணமோ 2012-ல் 9,000 பவுண்டு வரை உயர்ந்தது.

அப்படியானால் முதியவர்களின் வாக்கைக் குறைத்துவிடலாமா? பெல்ஜியத் தத்துவ அறிஞர் ஃபிலிப் வான் பாரெய்ஸ் 1998-லேயே இந்தக் கேள்வியை ஒரு கட்டுரையில் வைத்து ஆராய்ந்திருக்கிறார். என்னால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. முன்பு நான் புற்றுநோய் வார்டில் வேலை பார்த்தேன். சில மாதங்களே மிச்சமிருந்த இளைஞர்களுக்கு ஊசி போட்டிருக்கிறேன். மிச்சமிருக்கும் நாட்களைக் கொண்டுதான் வாக்கை அளப்பதென்றால், முதலில் அவர்கள் கையிலிருந்து பிடுங்க வேண்டியிருக்கும். அதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

பைபிளின் எண்ணாகமத்தில் வேவுகாரர்களின் பகுதியை வாக்கெடுப்பை ஒட்டிய நாட்களில் மறுபடி மறுபடி வாசித்தேன். இஸ்ரவேலரில் பன்னிரண்டு பேர், அவர்கள் குடியேற வேண்டிய கானானைப் பார்த்து வந்தார்கள். பத்துப் பேர் போக வேண்டாம் என்றார்கள். சபை அவர்கள் பக்கம் சாய்ந்தது. இருபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் காலேபும் யோசுவாவும் தவிர வனாந்தரத்திலேயே மடிந்தார்கள். அந்த முடிவில் பங்கில்லாத பிள்ளைகளும் அவர்களோடு நாற்பது ஆண்டு அலைந்தார்கள். ஞாயிறு பள்ளியில் இதை அவிசுவாசத்தின் கதையாகச் சொல்லித் தந்தார்கள். பிள்ளைகளின் பக்கமிருந்து யாரும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் கொள்ளையாகிப் போவார்கள் என்றுதானே அந்தப் பெரியவர்கள் பின்வாங்கினார்கள்! பிள்ளைகளுக்காகவே பயந்தார்கள், ஆனால் பிள்ளைகளை யாரும் கேட்டதாக அந்த அதிகாரத்தில் இல்லை. ராம்ஸ்கேட்காரரின் அன்பை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. அந்த ஞாயிறு மதியத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

வயதே குற்றம் என்றால் காலேபை என்ன செய்வது? எண்பத்தைந்து வயதில் எபிரோன் மலைநாட்டைக் கேட்டு வாங்கியவன் அவன். மோசேயோ, தான் கால் வைக்கப்போகாத நாட்டுக்குச் சட்டம் கொடுத்தார். ஆனால் கொடுத்த விதம் வேறு. உபாகமத்தின் பெரும்பகுதி, உள்ளே போகாத ஒருவர் உள்ளே போகிறவர்களை நிறுத்தி வைத்து முகம் பார்த்துப் பேசும் பேச்சு. முதியவரின் வாக்கு இப்படி இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். உரிமையில் ஒரு குன்றிமணி குறையக் கூடாது. பேரன் பெயரால் வாக்களிப்பவர் பேரனோடு ஒரு மதியம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அவனுக்கும் வாக்கு வேண்டும். பதினாறு வயதிலேயே வேண்டும். அடுத்த பொதுத்தேர்தலுக்குள் அதைக் கொண்டுவருவோம் என்று 2025 ஜூலையில் அரசு அறிவித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

என் மகன் இதை முழுதாக ஏற்பதில்லை. "மோசே சட்டம் சொன்னார், சரி. யோர்தானுக்கு மேற்கே நிலத்தைப் பங்குபோட அவரை விட்டாங்களா? அதைச் செய்தது யோசுவாதானே அம்மா" என்கிறான். நல்ல கேள்வி. நான் யோசுவாவின் புத்தகத்தில் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினேன். பங்கீட்டைத் தொடங்கும்படி கர்த்தர் சொல்லும்போதே யோசுவாவும் வயது சென்ற கிழவர்தான். அவன் அதை வாசித்துவிட்டு, யோசுவாவோடு அந்த வேலையில் வேறு யார் யார் இருந்தார்கள் என்று அடுத்த அதிகாரத்தைப் புரட்டினான்.